உஷார்! பனிமலைக்கு ஜோடியாகப் போய் ஒருவர் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம்

மியூனிக்கிலோ சூரிக்கிலோ ஆன்சைட் வேலை. அலுவலக நண்பர்களோடு சேர்ந்து ஸ்கீயிங் பழகியாயிற்று. இப்போது ஊரிலிருந்து மனைவி வந்திருக்கிறார், அல்லது கணவர் வந்திருக்கிறார். பிப்ரவரியில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குப் போகலாம் என்று பேச்சு. ஒருவருக்கு நன்றாகச் சறுக்கத் தெரியும். இன்னொருவருக்குத் தெரியாது, கற்கும் ஆசையும் இல்லை. நீங்கள் இந்த ஜோடி என்றால் அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கட்டிய பிறகு படித்துப் பயனில்லை. பிப்ரவரி வாரங்களில் பல விடுதிகள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

இந்தப் பயணம் சொதப்பினால் சறுக்காத துணைக்குக் கொஞ்சம் போரடிக்கும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சறுக்கத் தெரியாதவர் கடுங்குளிரில், கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மூவாயிரம் மீட்டர் உயரத்தில், மொழி தெரியாத இடத்தில், துணை எங்கே என்று தெரியாமல் நிற்கும் நிலை வரும். அதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் ஆபத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ரிசார்ட் விளம்பரங்கள் எதைப் பெரிதாகப் போடுகின்றன என்று கவனியுங்கள். எத்தனை கிலோமீட்டர் சறுக்குத் தடம், எத்தனை லிஃப்ட், எவ்வளவு உயரம். மூன்றுமே சறுக்குபவருக்கான எண்கள். பிரான்ஸில் 1960களிலும் 70களிலும் வெறும் மலைச்சரிவில் ஸ்கீயிங்குக்காகவே எழுப்பிய குடியிருப்புகள் ஏராளம். லா பிளான்யே, லெ ஆர்க், அவோரியாஸ், வால் தொரான்ஸ் எல்லாம் அந்த வகை. வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மரம் வளரும் எல்லைக்கும் மேலே. ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ என்ற பெயரில் 600 கிலோமீட்டர் தடங்கள் அதோடு இணைந்திருக்கின்றன. சறுக்குபவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். சறுக்காதவருக்கோ, அறைக் கதவைத் திறந்தால் வெளியே ஓடுவதே சறுக்குத் தடம். நடக்க மரநிழல் கிடையாது, பார்க்கப் பழைய தேவாலயமோ சந்தையோ கிடையாது. நீச்சல் குளமும் சில கடைகளும் உண்டு. அவற்றில் ஒரு மதியம் போகும், ஒரு வாரம் போகாது. கீழே மூத்தியே ரயில் நிலையத்துக்கு இறங்கவே பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். வால் தொரான்ஸில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கு சனி கணக்கு. பிடிக்கவில்லை என்று நடுவில் கிளம்பினால் காசு போனது போனதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. ‘நல்ல ஊர், பெரிய ஊர்’ என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், ஆனால் சறுக்கும் இடம் ஊரில் இருக்காது. ஷமோனியை எடுத்துக்கொள்ளுங்கள். அருமையான ஊர். கடைத்தெரு, ரயில், மோன்ட் பிளாங்க் காட்சி, 3,842 மீட்டர் உயர ஏகுய் டு மிடிக்கு கேபிள் கார் என்று சறுக்காதவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஸ்கீயிங் பகுதிகள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. துணை காலையில் பஸ் ஏறி ஒரு மூலைக்குப் போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்குச் சந்திக்கலாம் என்ற பேச்சு முதல் நாளோடு முடிந்துவிடும்.

சேர்ந்து போகும் பயணத்தில் நடுப்பகல் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார முடிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஊர் தேடும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: சறுக்குபவர் சறுக்கி வந்து சேரும் மலை உணவகத்துக்கு, ஸ்கீ இல்லாமல் சாதாரண பூட்ஸோடு வருபவர் எப்படி வருவார்? பதில் தெளிவாக இல்லையென்றால் அந்த ஊர் உங்களுக்கு வேண்டாம்.

லிஃப்ட் எல்லாம் ஒன்றல்ல. மூடிய பெட்டியாகப் போகும் கோண்டோலாவிலும் கேபிள் காரிலும் நடந்து வருபவர்களை ஏற்றுவார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டணச் சீட்டும் உண்டு. சேர்லிஃப்ட் அப்படியில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் சறுக்கியபடியே இறங்க வேண்டியதாக அமைத்திருப்பார்கள், ஸ்கீ போடாதவரைப் பலவற்றில் ஏற்றவே மாட்டார்கள். கம்பியைப் பிடித்து இழுத்துச் செல்லும் லிஃப்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோண்டோலாவில் ஒரு கட்டம் ஏறி, அதற்கு மேல் சேர்லிஃப்ட் மட்டும்தான் என்று தெரிந்து, கண்ணெதிரே துணை மேலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை எந்த மலையிலும் காணலாம். தடங்களின் வரைபடத்தில் ஒவ்வொரு லிஃப்டும் எந்த வகை என்று குறி போட்டிருக்கும். கிளம்புமுன் இருவரும் அதை விரித்து வைத்துப் பாருங்கள்.

இன்னும் மோசமானது காற்று. ஆல்ப்ஸில் தெற்கிலிருந்து ‘ஃபோன்’ எனப்படும் மலைக்காற்று பலமாக அடிக்க ஆரம்பித்தால் உயரத்து கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள். வேறு வழியே இல்லை, அது பாதுகாப்புக்காக. சறுக்கத் தெரிந்தவர் தடம் வழியாக இறங்கிவிடுவார். தெரியாதவர் மேல் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். காலையில் விடுதி வரவேற்பறைத் திரையிலோ கேபிள் கார் நிறுவனத்தின் ஆப்பிலோ காற்று நிலவரம் போட்டிருப்பார்கள். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும் என்றால் சறுக்காதவர் மேலே போகவே வேண்டாம். போனால் கடைசி வண்டியை நம்பாமல் மதியமே இறங்கிவிடுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போகிற ஆசை இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலிருந்து சறுக்கியே இத்தாலியின் செர்வினியாவுக்குப் போய், அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். திரும்பும் லிஃப்ட் காற்றுக்கு நின்றுவிட்டால் சாலை வழியாக மலையைச் சுற்றிவரப் பல மணி நேரம் ஆகும், டாக்ஸிக்குக் கையிருப்பு கரையும். செர்மாட் விடுதியில் காத்திருப்பவருக்கு அன்றைய மாலை எப்படிப் போகும் என்று யோசியுங்கள். செர்வினியா போகும் நாளில் காலையிலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்தது ‘நானே சொல்லித் தருகிறேன்’ என்பது. தயவுசெய்து வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டில் ஃபர்ஸ்ட் என்று ஒரு மலை நிலையம், 2,100 மீட்டருக்கும் மேலே. ஒரு மதியம் அங்கிருந்து ஐம்பது அறுபது மீட்டர் கீழே, தடத்தின் ஓரத்தில் ஒரு பெண் பனியில் உட்கார்ந்திருந்தார். வாடகை ஸ்கீ இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன, கையுறை நனைந்திருந்தது. பக்கத்தில் கணவர், “முட்டியை மடக்கு, முன்னால சாஞ்சு நில்லு, அவ்ளோதான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தமிழில் பேசியதும் அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, கீழ போறதுக்கு வேற வழியே இல்லையா?”

“ஏறி வந்த அதே பெட்டியில உக்காந்து இறங்கலாம்மா” என்றேன்.

கணவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “விடுவாங்களாக்கா? ஸ்கீ போட்டு வந்தா சறுக்கித்தான் போகணும்னு நெனச்சேன்.”

விடுவார்கள். ஸ்கீயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தடத்தின் நடுவில் வராமல் ஓரமாகவே நடந்து நிலையத்துக்கு ஏறினோம். ஓரமாக நடப்பது சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து விதிகளிலேயே ஒன்று. நிலைய ஊழியர் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஊரிலேயே, குடியிருப்புகளுக்குச் சற்று மேலே, போட்மி என்று முதல் நாள்காரர்களுக்கான சரிவு இருக்கிறது. அங்கே குழந்தைகளோடு சேர்ந்து பழக வேண்டிய ஒருவரை நேராக மலையுச்சிக்குக் கூட்டிப் போயிருந்தார். பாசத்தில்தான் செய்தார். அதனால் ஆபத்து குறைந்துவிடாது.

ஸ்கீயிங்கில் அதிகம் அடிபடும் மூட்டு முழங்கால். புதிதாகப் பழகுபவர் மெதுவாக விழும்போதே கால் திருகிக்கொள்ளும். ஸ்கீ கழன்றுகொள்ளாவிட்டால் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் கிழியும். கழன்றுகொள்ளும் அழுத்தத்தைக் கடைக்காரர் உடல் எடை, உயரம், வயது, திறமை பார்த்துத்தான் வைக்கிறார். கூச்சத்தில் எடையைக் குறைத்தோ, கெத்துக்காகத் திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். வாடகைக் கடையில் சொல்லும் அந்த இரண்டு பதில்களைப் பொறுத்தது உங்கள் முழங்கால். உண்மையிலேயே கற்க ஆசை இருந்தால் பயிற்றுநரிடம் போங்கள். குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களில் தொடங்கும். புதன்கிழமை மனம் மாறினால் சேர இடம் இருக்காது. ஆசை இல்லாதவரை மூன்றாம் நாள் ‘சும்மா ஒரு தடவை’ என்று வற்புறுத்துவது அன்பில் சேர்த்தி இல்லை.

சறுக்காதவருக்கு ஸ்கீயிங்குக்குப் பதிலாக ஸ்லெட்ஜ் பழக்கலாமே என்பார்கள். பழக்கலாம், அதற்கென்று விட்டிருக்கும் பாதையில், ஹெல்மெட் போட்டு. ஆனால் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் நின்றபின் மாலையில் காலியாகக் கிடக்கும் சறுக்குத் தடத்தில் கால் வைக்கவே கூடாது. அந்த நேரத்தில்தான் பனியைச் சமப்படுத்தும் ராட்சத வண்டிகள் வேலை செய்யும். செங்குத்தான இடங்களில் அவற்றை மேலிருந்து எஃகுக் கம்பியில் கட்டி இழுப்பார்கள். அந்தக் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீண்டு கிடக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, சட்டென்று விறைத்து எழும்பும். ஆல்ப்ஸில் அதில் மோதிச் செத்தவர்கள் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து நிலா வெளிச்சத்தில் தடத்தில் ஜாலியாக நடந்து இறங்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

உயரத்தைப் பற்றியும் பேச வேண்டும். சறுக்காதவருக்கு என்ன காட்டலாம் என்று தேடினால் எல்லாரும் சொல்வது ‘மேலே கூட்டிப் போங்கள்’. யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர்; 1912இலிருந்து ரயில் ஓடுகிறது. செர்மாட்டின் மேட்டர்ஹார்ன் பனிச்சிகரக் கேபிள் கார் நிலையம் 3,883 மீட்டர். சுமார் 1,600 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சென்னையிலிருந்து முந்தின நாள் வந்து இறங்கியவரை, கர்ப்பிணியை, இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ள பெற்றோரை மருத்துவரைக் கேட்காமல் அங்கே கொண்டுபோகாதீர்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்தால் சரியாகும் என்று இருக்க வேண்டாம். உடனே கீழே இறங்க வேண்டும்.

காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அங்கே ஊரே 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். காங்டூரி வரையிலான முதல் கட்டத்தோடு சறுக்காதவர் நிறுத்திக்கொள்வது நல்லது. துணையும் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தச் சரிவுகளில் பனிச்சரிவு வந்து ஆள் இறந்திருக்கிறார்கள்.

பலருக்குத் தோன்றாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன். மலையில் ஒருவர் தனியாகச் சறுக்கப் போகிறார் என்றால், அவர் திரும்பவில்லை என்று முதலில் கவனிக்கப்போகிறவர் கீழே காத்திருப்பவர்தான். வேறு யாருக்கும் தெரியாது. கடைசி லிஃப்ட் பெரும்பாலும் நான்கு, நாலரைக்கு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் இருட்டும். ஆனால் காத்திருப்பவரிடம் என்ன இருக்கிறது? குளிரில் சார்ஜ் இறங்கி அணைந்துபோன ஒரு கைபேசியின் எண் மட்டும். அது போதாது. தட வரைபடம் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். அந்த மலையின் மீட்புக் குழு எண் அதில் அச்சாகியிருக்கும். ஐரோப்பா முழுக்க அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்பான ரேகாவுக்கு 1414. காப்பீட்டு பாலிசி எண், ஜாக்கெட்டின் நிறம், இன்று எந்தப் பகுதி, எத்தனை மணிக்குள் திரும்புவார் என்பதையும் காலையிலேயே எழுதி வையுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் கூப்பிட வேண்டும். ‘வந்துவிடுவார், தொந்தரவு கொடுக்க வேண்டாம்’ என்று தயங்குவதற்கு மலையில் இடமில்லை.

சறுக்குபவருக்கும் ஒரு வார்த்தை. குறியிட்ட தடத்தை விட்டு இரண்டு எட்டு விலகினாலும் அது வேறு உலகம். 2013 டிசம்பர் 29 அன்று மெரிபெலில் மைக்கேல் ஷூமாக்கர் விழுந்து தலை பாறையில் மோதியது ஏதோ எட்டாத பனிக்காட்டில் இல்லை. இரண்டு குறியிட்ட தடங்களுக்கு நடுவில் இருந்த பகுதியில்தான். ஹெல்மெட்டும் போட்டிருந்தார். ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று இருக்காதீர்கள். பல பாலிசிகளில் ஸ்கீயிங்கே விலக்கு, அல்லது தடத்துக்கு வெளியே விலக்கு. இத்தாலியில் 2022 ஜனவரி முதல் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் தடத்தில் இறங்கவே கூடாது. பாலிசியின் சிறு எழுத்துகளை இருவரும் படிக்க வேண்டும். பில் வந்தால் இருவர் தலையிலும்தான் விழும்.

சரி, எங்கேதான் போவது? எனக்குப் பிடித்தது சுவிட்சர்லாந்தின் வெங்கன். காரே நுழையாத ஊர். லாட்டர்புருனனிலிருந்து ரயிலில் ஏற வேண்டும். அங்கிருந்து அதே ரயில் தடம் கிளைனே ஷைடெக் என்ற கணவாய்க்குப் போகிறது. 2,061 மீட்டர். சறுக்குபவர்கள் நாள் முழுக்க அந்த வழியாகத்தான் வந்துபோகிறார்கள். சறுக்காதவர் சாதாரண பூட்ஸோடு ரயிலில் வந்து இறங்கி, ஐகர் மலையின் நிழலில் துணையோடு சாப்பிட்டுவிட்டு, அதே ரயிலில் இறங்கிவிடலாம். நடக்கப் பிடித்தவர் வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிகன் ஏறி, அங்கிருந்து கணவாய் வரை பனியை அழுத்திச் சமமாக்கிய பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து வரலாம். குளிர்கால நடைபாதைக்கு அங்கே இளஞ்சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள்; அதைத் தவிர வேறெதையும் பின்தொடர வேண்டாம். செர்மாட்டிலும் இதே வசதி. 1898இலிருந்து ஓடும் கோர்னர்கிராட் ரயிலில் சறுக்குபவரும் சறுக்காதவரும் ஒரே பெட்டியில் போகலாம்.

சறுக்காதவருக்கு மலையே வேண்டாம், நகரம் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக். துணை காலையில் ஸ்கீ பஸ் பிடித்துப் போய் மாலையில் வருவார்; நீங்கள் பழைய நகரம், அரண்மனை, அருங்காட்சியகம் என்று சுற்றலாம். இத்தாலியின் பொல்சானோவும் அப்படியே. 5,000 ஆண்டுக்கு முந்தைய பனிமனிதன் ஓட்சியை அங்கே பார்க்கலாம், வால் கார்டெனா சறுக்குத் தடங்களும் எட்டும் தூரம். வெந்நீர் ஊற்றில் கிடப்பதே சுகம் என்பவருக்கு லாய்கர்பாட், பாட் காஸ்டைன்.

எங்கே போனாலும் இணையத்தில் பார்க்கும் படம் கோடையில் எடுத்ததா என்று பாருங்கள். லாட்டர்புருனன் பள்ளத்தாக்கின் ட்ரூமல்பாக் அருவி குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஷீனிகே பிளாட்டே மலை ரயில் ஓடாது. கோடைப் படத்தை நம்பித் திட்டம் போட்டுப் பூட்டிய கேட்டின் முன்னால் நிற்பவர்கள் வருடாவருடம் உண்டு. ஊர்த் தெருவே பனிக்கட்டியாக உறைந்திருக்கும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள் பட்டையை முதல் நாளே வாங்கிவிடுங்கள். விடுதி வாசலிலேயே வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும் சறுக்காதவர்கள் உண்டு.

சாலை அடைபடும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்துக்குள்ளேயே பனிச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். அதற்குப் பல நாள் முன்பே சாலை மூடியிருந்ததால் பயணிகள் வெளியேற முடியாமல் இருந்தார்கள். அதன்பின் பெரிய தடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆனாலும் 2018 ஜனவரியில் செர்மாட்டுக்கான சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டு சுமார் 13,000 பயணிகள் உள்ளே இருந்தார்கள். ஊர் திரும்பும் விமானத்தைப் பயணம் முடியும் அதே நாளுக்குப் போடாதீர்கள். ஒரு நாள் இடைவெளியை கீழே நகரத்தில் வையுங்கள். அன்றாட மருந்து சாப்பிடுபவர் நாலைந்து நாள் கூடுதலாக எடுத்துவர வேண்டும்.

ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை விழும் பிப்ரவரி வாரங்களுக்கு, இருவருக்கும் ஏற்ற இந்த மாதிரி ஊர்களில்தான் அறைகள் முதலில் நிரம்புகின்றன. தேதி உறுதி என்றால் இந்த வாரமே அந்த ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள்: நடந்து வருபவரை ஏற்றும் லிஃப்ட்கள் எவை, குளிர்கால நடைபாதைகளில் அந்தத் தேதியில் திறந்திருப்பவை எவை. பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.